பத்து ஆட்சேபங்கள், நான்கு நடுவர்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்குத் தெற்கே கடலோரம் அமைந்த நகரம் வொல்லொங்காங். அங்கே ஒரு கெபாப் கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் மேசை, 2008ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் பேசுபொருளானது. கட்டுமான அதிபர்களும் உள்ளாட்சி மன்றத்தைச் சேர்ந்தவர்களும் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவது வழக்கம். ‘அறிவு மேசை’ என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நகரில் எந்தக் கட்டடம் எழும் என்பது மன்றக் கூட்டத்தில் முடிவாகிறதா, கடை வாசலில் முடிவாகிறதா என்ற ஐயம் மக்களுக்கு எழுந்தது. ஊழலுக்கு எதிரான சுயேச்சை ஆணையம் விசாரித்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் மன்றமே கலைக்கப்பட்டது. 2011 வரை அரசு நியமித்த நிர்வாகிகளே நகரை நடத்தினார்கள்.

கட்டட அனுமதி என்பது ஒரு கையெழுத்தில் நிலத்தின் மதிப்பைப் பன்மடங்காக்கிவிடக்கூடிய அதிகாரம். இரண்டு வீடுகளுக்கு மட்டுமே இடமுள்ள மனையில் இருபது வீடுகள் கட்ட அனுமதி கிடைத்தால், அதனால் விளையும் ஆதாயம் மிகப் பெரிது. அத்தகைய அதிகாரத்தை, தேர்தலுக்கு நன்கொடை திரட்ட வேண்டிய அரசியல்வாதிகளின் கையில் விட்டுவைப்பது சரியா என்ற கேள்விக்கு அந்த மாநிலம் இரண்டு விடைகளைக் கண்டது. முதலாவது, கட்டுமான அதிபர்கள் அரசியல் நன்கொடை அளிப்பதற்கு 2009 இறுதியில் விதித்த தடை. அந்தத் தடை செல்லும் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. இரண்டாவது விடை, முடிவெடுக்கும் அதிகாரத்தையே மன்ற உறுப்பினர்களிடமிருந்து எடுத்துச் சுயேச்சைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. 2018 மார்ச் 1 முதல் சிட்னிப் பெருநகரின் மன்றங்களுக்கும் வொல்லொங்காங்குக்கும் இது கட்டாயமானது. ‘உள்ளூர்த் திட்டமிடல் குழு’ என்று இன்று அவை அழைக்கப்படுகின்றன.

சிட்னியின் மேற்குப் புறநகர்களான வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. பக்கத்து மனையில் எழவிருக்கும் கட்டடத்தைப் பற்றி மன்றத்திலிருந்து வரும் அறிவிப்புக் கடிதம் அவர்களின் வீட்டு அஞ்சல் பெட்டியிலும் விழுகிறது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இயங்கும் ஏற்பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் பலர். அதனால், எதிர்க்க வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்துவிட்டு, எதிர்த்துப் பயனில்லாத இடத்தில் குரலெழுப்பி ஏமாந்துபோகிறார்கள்.

குழுவில் யார்?

ஒரு குழுவில் நான்கு பேர். தலைவர், சட்டத்திலோ அரசு நிர்வாகத்திலோ தேர்ந்தவர். அடுத்த இருவர் நகரத் திட்டமிடல், கட்டடக் கலை, போக்குவரத்து, பாரம்பரியக் கட்டடங்கள் போன்ற துறைகளின் வல்லுநர்கள். நான்காமவர் அந்தப் பகுதியில் வசிக்கும் பொதுமக்களின் பிரதிநிதி. வல்லுநர்களை மாநில அமைச்சர் ஒப்புதல் அளித்த பட்டியலிலிருந்தே மன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும். மன்ற உறுப்பினர்களுக்கும், கட்டுமான அதிபர்களுக்கும், வீட்டுமனை முகவர்களுக்கும் குழுவில் இடமில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு, விவாதத்துக்கு வரும் விண்ணப்பத்தில் தமக்குத் தன்னலம் ஏதுமில்லை என்று உறுப்பினர்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

குழுவுக்கான செலவும் பணியாளர்களும் மன்றத்தின் பொறுப்பு. ஆனால், ஒரு விண்ணப்பத்தில் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று குழுவுக்கு உத்தரவிட மன்றத்துக்கு அதிகாரமில்லை. சோறு போடுபவர் ஒருவராக இருந்தாலும், சொல் கேட்க வேண்டியது சட்டத்தின் சொல்லை மட்டுமே என்பதுதான் ஏற்பாடு.

எல்லா விண்ணப்பங்களும் குழுவிடம் செல்வதில்லை. பின்கட்டில் ஓர் அறை சேர்ப்பது, பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டுவது போன்றவற்றை மன்றத்தின் திட்டமிடல் அலுவலர்களே பார்த்து முடித்துவிடுகிறார்கள். நான்கு வகையான விண்ணப்பங்கள் மட்டுமே குழுவுக்கு உரியவை. மன்றமோ, மன்ற உறுப்பினரோ, அவர்களுடைய குடும்பத்தாரோ விண்ணப்பதாரராக இருப்பது ஒரு வகை. விதியில் உள்ள அளவுகோலிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகுவது இன்னொரு வகை; உயர வரம்பு 9 மீட்டர் உள்ள இடத்தில் 10 மீட்டர் கட்ட விரும்பினால், விலகல் 11 விழுக்காடு என்பதால் அது குழுவுக்குப் போகும். பாரம்பரியச் சின்னத்தை இடிப்பது, நான்கு மாடிக்குக் குறையாத அடுக்குமாடிக் குடியிருப்பு, புதிய மதுக்கூடம் போன்றவை மூன்றாவது வகை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனி ஆட்சேபங்கள் வந்த விண்ணப்பம் நான்காவது வகை. பொதுமக்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது இந்தக் கடைசி வகைதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே.

ஒரு தெருவின் கதை

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தனி வீடுகள் மட்டுமே உள்ள அமைதியான தெரு. மூலை மனையில் அறுபது குழந்தைகளுக்கான காப்பகம் கட்ட ஒருவர் விண்ணப்பிக்கிறார். பொதுவாகப் பதினான்கு நாட்கள் அறிவிப்புக் காலம். தெருவாசிகள் கொதிக்கிறார்கள். காலையும் மாலையும் கார்கள் அடைத்துக்கொள்ளும், குழந்தைகளின் கூச்சல் கேட்கும், தெருவின் இயல்பு கெடும், வீட்டின் விலை விழும் என்பவை அவர்களின் கவலைகள். ஒருவர் கடிதம் எழுதி, நகலெடுத்து, வீடு வீடாகச் சென்று நாற்பது கையெழுத்து வாங்குகிறார்.

முதல் சறுக்கல் இங்கேதான். ஒரே வாசகம் கொண்ட நாற்பது கடிதங்களும், நாற்பது பேர் கையொப்பமிட்ட ஒரு மனுவும் நாற்பது ஆட்சேபங்கள் ஆகிவிடுவதில்லை. ஆட்சேபம் ஒவ்வொன்றும் தன் சாரத்தில் தனித்துவம் உடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே பிரச்சினையைப் பற்றிப் பலர் எழுதலாம். ஆனால், அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் பார்வையில், அவரவர் சொற்களில் எழுத வேண்டும். எதிர்வீட்டுக்காரர் தம் வாசலை அடைக்கும் கார்களைப் பற்றியும், அடுத்த வீட்டுக்காரர் தம் படுக்கையறைச் சன்னலிலிருந்து விளையாட்டுத் திடல் எத்தனை மீட்டர் என்றும் எழுதினால் அவை இரண்டு ஆட்சேபங்கள். இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டால், அது ஒன்று.

சரி, பத்து ஆட்சேபங்கள் சேர்ந்து விண்ணப்பம் குழுவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மன்ற அலுவலர்கள் விண்ணப்பத்தை ஆராய்ந்து, பரிந்துரையோடு கூடிய அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே வெளியிடுகிறார்கள். குழு உறுப்பினர்கள் இடத்தைப் பார்வையிடுகிறார்கள். பொதுக் கூட்டத்தில் பேச முன்பதிவு செய்தவர்களுக்குத் தலா சில நிமிடங்கள் தரப்படுகின்றன. விண்ணப்பதாரர் பதில் சொல்கிறார். பிறகு குழு கூடி ஆலோசித்து, ஒப்புதல் தரலாம், நிபந்தனையோடு ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், கூடுதல் தகவல் கேட்டுத் தள்ளிவைக்கலாம். யார் எப்படி வாக்களித்தார் என்பதும், முடிவுக்கான காரணங்களும் எழுத்தில் பதிவாகி வெளியிடப்படுகின்றன.

பத்துப் பேர் எதிர்த்தும் குழு அனுமதி தந்துவிடுவதைப் பார்க்கும்போது தெருவாசிகள் திகைத்துப்போகிறார்கள். ‘எல்லாம் முன்பே பேசி முடித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. உண்மை வேறு. பத்து என்ற எண் விண்ணப்பத்தைக் குழுவின் மேசைக்குக் கொண்டுசேர்க்கும். முடிவை அது தீர்மானிக்காது. அங்கே நடப்பது வாக்கெடுப்பு அன்று. சட்டத்தை ஒரு குறிப்பிட்ட மனைக்குப் பொருத்திப் பார்க்கும் வேலை. ஆட்சேபம் ஒன்றே வந்தாலும், அது சட்டத்தைத் தொடுமானால் விண்ணப்பம் விழலாம். நூறு வந்தாலும், ஒன்றும் சட்டத்தைத் தொடாவிட்டால் விண்ணப்பம் நிற்கும்.

எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது

மாநிலத்தின் 1979ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் திட்டமிடல், மதிப்பீட்டுச் சட்டம் குழுவின் பார்வைக்கு எல்லை வகுத்திருக்கிறது. அந்த இடத்துக்குப் பொருந்தும் திட்டங்களும் விதிகளும், இயற்கையின் மீதும் சுற்றுப்புறத்தின் மீதும் கட்டடம் ஏற்படுத்தும் விளைவு, சமூக, பொருளாதாரத் தாக்கம், அந்தப் பயன்பாட்டுக்கு மனை ஏற்றதா என்பது, வந்த கருத்துகள், பொதுநலம் ஆகியவற்றைக் குழு எடைபோட வேண்டும். வீட்டு விலை விழும் என்ற அச்சத்துக்குத் தனியாக இந்தத் தராசில் எடையில்லை. இன்னொரு காப்பகம் ஏற்கெனவே இருக்கிறது, அதன் வியாபாரம் கெடும் என்பதும் அப்படியே. விண்ணப்பதாரர் பெரும்பணக்காரர் என்பதும், அவரை நமக்குப் பிடிக்காது என்பதும் ஆட்சேபமே ஆகாது.

அதே கவலையை வேறு விதமாகச் சொன்னால் நிலைமை மாறும். ‘இரைச்சல் வரும்’ என்பதற்குப் பதிலாக, ‘ஒலி ஆய்வறிக்கை எங்கள் வீட்டின் மாடிச் சன்னலைக் கணக்கில் எடுக்கவில்லை’ என்று எழுதினால், குழு அதற்குப் பதில் தேடியாக வேண்டும். ‘நெரிசல் வரும்’ என்பதற்குப் பதிலாக, ‘பணியாளர்களுக்கு ஒதுக்கிய கார் நிறுத்துமிடம் விதிப்படி போதாது’ என்று காட்டினால், விண்ணப்பதாரர் வரைபடத்தைத் திருத்த நேரும். ஒரே நேரத்தில் வெளியே விளையாடும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, ஒலித்தடுப்பு வேலி, திறந்திருக்கும் நேரம் போன்ற நிபந்தனைகள் பிறப்பது இத்தகைய ஆட்சேபங்களிலிருந்துதான். ஆட்சேபம் தோற்றுவிட்டது என்று நினைக்கும் பல வழக்குகளில், கட்டடத்தின் வடிவத்தை அந்த ஆட்சேபம் மாற்றியிருக்கிறது.

கூட்டத்துக்கு வராத ஒரு தரப்பும் இருக்கிறது. அந்தக் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வேலைக்குப் போகக் காத்திருக்கும் இளம் தாய் அந்தத் தெருவில் வசிப்பவரல்லர். அவருக்கு அறிவிப்புக் கடிதம் போவதில்லை. அவர் வந்து பேசுவதுமில்லை. அடுக்குமாடி கட்டினால் குடியேறப்போகிறவர்களும் அப்படித்தான். ஏற்கெனவே இருப்பவரின் குரல் எப்போதும் இனி வரப்போகிறவரின் குரலைவிட உரக்க ஒலிக்கும். தலைகளை மட்டும் எண்ணி முடிவெடுத்தால், நகரம் என்றைக்கும் உள்ளே இருப்பவர்களுக்கே உரியதாகிவிடும். எண்ணிக்கைக்குக் கட்டுப்படாத குழு ஒன்று தேவை என்பதற்கு ஊழலைவிட வலுவான காரணம் இதுவே என்பது என் கருத்து.

சாய்ந்திருக்கும் தராசு

இந்த ஏற்பாட்டைப் பாராட்டுவதோடு நின்றுவிட முடியாது. குழுவின் முடிவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தால், தராசு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றத்தை அணுகி, விண்ணப்பத்தை முதலிலிருந்து மறுபடி பரிசீலிக்கச் செய்யலாம். 1980 முதல் இயங்கும் சிறப்பு நீதிமன்றம் அது. சாதாரண விண்ணப்பங்களில் நாற்பது நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், மறுக்கப்பட்டதாகவே கொண்டு அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அனுமதி வழங்கப்பட்டாலோ பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. பெரும் சுரங்கம், மாசு தரும் ஆலை போன்ற தனியாக வகைப்படுத்தப்பட்ட திட்டங்களில் மட்டுமே ஆட்சேபித்தவர் முடிவின் தகுதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியும். மற்றவற்றில், முடிவெடுத்த முறையில் சட்டப் பிழை இருக்கிறது என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். முடிவு தவறு என்பது போதாது. சட்டவிரோதம் என்று நிறுவ வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது.

பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் நிலைமை வேறு. அங்கே பல வகை அனுமதிகளை எதிர்த்து ஆட்சேபதாரர்களும் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வழியுண்டு. அதனால் தாமதம் பெருகுகிறது என்ற குறை அங்கே உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் குழுவில் ஒரு மன்ற உறுப்பினர் இருக்கலாம். ஒருவருக்கு மேல் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவரை முற்றாக விலக்காமலும், அவர் கை ஓங்காமலும் பார்த்துக்கொள்ளும் நடுவழி அது. ஒரே நாட்டுக்குள் மூன்று மாநிலங்கள் மூன்று விதமாகத் தேர்ந்திருப்பது, இதற்கு முழுமையான விடை எவரிடமும் இல்லை என்பதையே காட்டுகிறது.

குழுவின் மீது வைக்கப்படும் இன்னொரு குறை, அதை வாக்காளர் தண்டிக்க முடியாது என்பது. மன்ற உறுப்பினர் மோசமாக முடிவெடுத்தால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். வல்லுநரை அப்படி அனுப்ப முடியாது. ஆனால், தேர்தல் என்ற தண்டனை எத்தனை விண்ணப்பங்களில் உண்மையாகவே பயன்பட்டது என்றும் கேட்க வேண்டும். வொல்லொங்காங்கில் இருந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்தான். வல்லுநர் குழு தரும் பாதுகாப்பு வேறு வகையானது. அது தேர்தலில் பதில் சொல்வதில்லை. காரணம் எழுதிப் பதில் சொல்கிறது. ஆகவே, அந்தக் காரணங்களின் தரமே குழுவின் நேர்மைக்கு அளவுகோல். அலுவலர் அறிக்கையை ஏற்கிறோம் என்ற ஒற்றை வரியோடு ஒரு குழு நின்றுவிடுமானால், அதன் சுயேச்சைத்தன்மையால் குடிமக்களுக்குப் பயனில்லை. முதன்மையான ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஏன் ஏற்கப்பட்டது, ஏன் ஏற்கப்படவில்லை என்று சில வரிகளாவது எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மேல்முறையீட்டு உரிமை இல்லாத ஒருவருக்கு நியாயம் காட்ட இருக்கும் ஒரே வழி அது.

உண்மையான களம் எது?

இவ்வளவுக்கும் மேலாக நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. குழு விதிகளை வகுப்பதில்லை. வகுக்கப்பட்ட விதிகளைப் பொருத்துகிறது. ஒரு தெரு எந்த மண்டலத்தில் வரும், அங்கே காப்பகம் அனுமதிக்கப்பட்ட பயன்பாடா, கட்டடம் எத்தனை மீட்டர் உயரலாம் என்பவற்றை உள்ளூர்ச் சுற்றுச்சூழல் திட்டமும் மாநில அரசின் கொள்கைகளும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன. உள்ளூர்த் திட்டத்தை உருவாக்குவதில் மன்ற உறுப்பினர்களுக்கு இன்றும் பங்கு இருக்கிறது. அங்கே சுயேச்சைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் விதி வகுக்கட்டும், தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் அதைப் பாரபட்சமின்றிச் செயல்படுத்தட்டும் என்பதே இந்தப் பிரிவினையின் தத்துவம்.

அந்த விதிகளே இப்போது வேகமாக மாறிவருகின்றன. ஐந்தாண்டுகளில் 12 லட்சம் வீடுகள் கட்ட வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் தேசிய இலக்கு. 2029க்குள் 3,77,000 வீடுகள் என்பது நியூ சவுத் வேல்ஸின் பங்கு. தேர்ந்தெடுத்த நகர மையங்களிலிருந்தும் ரயில் நிலையங்களிலிருந்தும் 800 மீட்டர் நடை தூரத்துக்குள் நடுத்தர உயர அடுக்குமாடிகளுக்கு வழிவிடும் மாநிலக் கொள்கை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடு கிடைக்காமல் தவிக்கும் இளைஞர்களை எண்ணினால் இதன் தேவையை மறுக்க முடியாது. ஆனால், நேற்று வரை குழுவின் முன் வென்றிருக்கக்கூடிய ஓர் ஆட்சேபம், விதி மாறியதால் இன்று தோற்கும். குழு மாறவில்லை, அதன் கையிலிருக்கும் புத்தகம் மாறியிருக்கிறது.

வரைவுத் திட்டங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் மன்றத்தின் அறிவிப்புகளைப் புரட்டுபவர் வெகு சிலர். பக்கத்து மனையில் இயந்திரம் வந்து நிற்கும்போது கூட்டம் கூடுகிறது. கோபம் நியாயமானதுதான், ஆனால், அது பல ஆண்டுகள் தாமதமாக வந்த கோபம். மண்டல வரைபடத்தின் நிறம் மாறிய அன்றே அந்தத் தெருவின் எதிர்காலம் பாதி எழுதப்பட்டுவிட்டது. பல மொழிகள் புழங்கும் மேற்குச் சிட்னியில், கனமான சட்ட ஆங்கிலத்தில் வெளியாகும் அந்த வரைவுகளை எளிய மொழியிலும், அங்கே வாழும் மக்களின் மொழிகளிலும் விளக்கிச் சொல்வது மன்றங்களின் கடமை. பிள்ளைகளோடு வசிக்கும் முதியவர் ஒருவர் தம் தெருவுக்கு என்ன நேரப்போகிறது என்பதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், கருத்துக் கேட்பு என்பது சடங்காகவே முடியும்.

சுயேச்சைக் குழு, கடை வாசல் மேசையிலிருந்து கோப்புகளை மீட்டு, எல்லோரும் பார்க்கும் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அது சிறிய சாதனை அன்று. ஆனால், ஊர் எப்படி வளர வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நால்வர் விடை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஊர் மக்களே. அடுத்த முறை அஞ்சல் பெட்டியில் அறிவிப்பு விழும்போது, எந்த விண்ணப்பம் என்பதோடு எந்த விதியின் கீழ் என்றும் பார்ப்பவர், பத்துக் கையெழுத்து சேர்ப்பவரைவிட அதிகம் சாதிப்பார்.